முதுகில் போடும் ஊசி: முழுத் தீர்வா?



இடுப்பில் தொடங்கி, தொடை வழியே பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டி இழுக்கும் வலி. சைட்டிகா எனப்படும் இதை அனுபவித்தவர்களுக்கே அதன் கொடுமை புரியும்.

நம் கருத்தரங்கில் கிள்ளானைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் ஒருவர் எழுந்து, “தங்கச்சி, முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். போட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டார். உடனே பிரிக்பீல்ட்ஸ் அம்மா ஒருவர், “வேண்டாம் தம்பி, கால் விளங்காமல் போய்விடும்” என்றார்.

இரண்டுமே முழு உண்மையல்ல.

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, அங்கு வீக்கமும் எரிச்சலும் உண்டாகின்றன. ஊசி மருந்து அந்த வீக்கத்தைத் தணிக்கிறது. பிதுங்கிய வட்டை அது சரிசெய்வதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் அறிக்கையும், கால் வலி குறைவது சிறிதளவே, அதுவும் குறுகிய காலத்துக்கே என்கிறது.

பிறகு எதற்கு ஊசி? அவகாசத்துக்காக. பலருக்கு இந்த வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணிகிறது. அதுவரை நடக்கவும், உறங்கவும், உடற்பயிற்சி சிகிச்சையைத் தொடங்கவும் ஊசி சிலருக்குக் கைகொடுக்கும். ஊசி போட்ட கையோடு மூட்டை தூக்கினால் பயனில்லை.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. ஸ்டீராய்டு சில நாள்களுக்குச் சர்க்கரையின் அளவை ஏற்றிவிடும். ஆகவே டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோரும் அதைச் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

அம்மாவின் பயத்திலும் நியாயம் உண்டு. நரம்புப் பாதிப்பு, பக்கவாதம் போன்ற கடும் விளைவுகள் அரிதாக ஏற்படலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. எனவே எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, பயிற்சி பெற்ற நிபுணர் போடுவாரா என்று கேளுங்கள்.

மலசலம் கட்டுப்படாமல் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அந்தரங்கப் பகுதி மரத்தாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, ஊசிக்குக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாமதம் நிரந்தர முடக்கத்தில் முடியலாம்.

லோரி அண்ணனுக்கு என் பதில் இதுதான்: ஊசி போடலாமா என்பதோடு, வலி குறைந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்.