நகல் சுவரில், அசல் இருட்டில்

ஜப்பான் தடங்கள் – 11

சென்ற வாரம் நிஷிகி சந்தையோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கராசுமா ஓய்கேவுக்கு நடந்தே போய்விடலாம். ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவுக்கென்றே உள்ள கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி தெரியும். பள்ளிக்கூடமாக இருந்த இடமேதான்.

1869இல், நாடு முழுமைக்கும் பள்ளிச் சட்டம் வருவதற்கு முன்பே, கியோட்டோ மக்கள் பேட்டைக்கு ஒன்றாக 64 பள்ளிகளைத் தொடங்கினார்கள். பிள்ளை இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் அடுப்புக் கணக்கில் பணம் வசூலித்தார்களாம். அப்படி வந்தவற்றில் ஒன்று தாட்சுயிகே தொடக்கப்பள்ளி. நகரின் நடுப்பகுதியில் பிள்ளைகள் குறைந்துபோக, 1995இல் அதை மூடினார்கள். நகராட்சியும் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகமும் கைகோத்து, 2006 நவம்பரில் அதே கட்டடத்தில் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்தன. மரத்தரை இன்னும் கிறீச்சிடுகிறது. தலைமையாசிரியர் அறையைக்கூட அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சேகரிப்பில் சுமார் மூன்று லட்சம் பொருள்கள். எடோ காலக் கேலிச்சித்திர அச்சுகளும் அதில் அடக்கம். ஆனால் வருகிறவர்கள் நேரே போவது நடைவழிகளில் ஓடும் புத்தக அலமாரிகளுக்குத்தான். மொத்தம் 200 மீட்டர் நீளம், ஐம்பதாயிரம் புத்தகங்கள். எதை வேண்டுமானாலும் உருவி எடுத்துப் படிக்கலாம். இவற்றில் பெரும்பகுதி ஒரு வாடகைப் புத்தகக் கடையிலிருந்து வந்தது. பல கைகள் புரட்டிய பழுப்பு முதுகில் தெரிகிறது. பள்ளி மைதானத்தில் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். அங்கே குப்புறப் படுத்தும், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டும் படிக்கிறார்கள். பேச்சே இல்லை.

நான் பார்க்க வந்தது உள்ளே ஓர் அறையில் இருந்த கண்காட்சி. சிறுமிகளுக்கான மங்காவின் வண்ணப் பக்கங்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். இவை நகல்கள் என்று பலகை சொல்லிவிடுகிறது. தெரிந்தே பார்த்தாலும் கண் நம்ப மறுக்கிறது. வெள்ளை மை தடவித் திருத்திய இடம், அழியாமல் நின்றுவிட்ட பென்சில் கோடு, ஓரத்தில் அச்சகத்துக்கு எழுதிய குறிப்பு எல்லாம் இருக்கின்றன. வசனங்களைத் தனித்தாளில் அச்சுக்கோத்து ஒட்டிய பசையின் கறையைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த வேலையைத் தொடங்கியவர் கெய்கோ தகெமியா. 1970களில் சிறுமிகளுக்கான மங்காவின் போக்கையே மாற்றிய பெண் படைப்பாளிகளில் ஒருவர். பின்னாளில் செய்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதன் தலைவராகவும் இருந்தார். மங்காக்காரர்கள் பயன்படுத்திய வண்ண மைகள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அசலைக் காட்டினால் அது செத்துவிடும், காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆகவே 2001இல் ஒரு திட்டம் போட்டார். அசலை ஸ்கேன் செய்து, கணினியில் நிறத்தைச் சரிபார்த்து, வரைந்தவரே ஒப்புக்கொள்ளும்வரை திருத்தி அச்சிடுவது. ‘கெங்கா டாஷ்’ என்று இதற்குப் பெயர். இப்போது நகல்தான் ஊர் சுற்றுகிறது. அசல் இருட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஓவியக் கண்காட்சியில் இப்படிச் செய்தால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். இங்கே எனக்கு அது தவறாகப் படவில்லை. மங்காவில் கையால் வரைந்த தாள் என்பது அச்சுக்குப் போகும் வழியில் ஒரு கட்டம், அவ்வளவுதான். அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்குவார்கள். வெளிர்நீலப் பென்சிலால் குறிப்பு எழுதுவதே அந்த நிறம் அச்சுக் கேமராவின் கண்ணில் படாது என்பதால்தான். ஒரு காலத்தில் பதிப்பகங்கள் அசல் தாள்களை வாசகர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டதும் உண்டு. அச்சானதோ மட்டமான மறுசுழற்சித் தாளில். 1990களின் நடுவில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழின் ஓர் இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. படித்தவர்கள் பலர் அதை ரயில் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள்.

எனக்கிருந்த சங்கடம் வேறு. சட்டத்துக்குள் ஒரே ஒரு பக்கம் தொங்கும்போது கதை நின்றுவிடுகிறது. மங்காவின் ஓட்டமே பக்கம் புரட்டும் கையில் இருக்கிறது. இடது ஓரத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பினால், எதைப் பார்த்தாள் என்று அறியப் புரட்டியாக வேண்டும். சுவரில் அதற்கு வழியில்லை. எவ்வளவு கவனமாகச் செய்த கண்காட்சி என்றாலும், வெளியே புல்லில் படுத்திருப்பவர்களிடம் அது தோற்றுப்போகிறது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள் ஒரு சட்டத்தின் முன் நின்று ஏதோ விவாதித்தார்கள். பிறகு விடுவிடுவென்று அலமாரிக்குப் போய், அந்தக் கதையின் புத்தகத்தை எடுத்துவந்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் ஹன்கியூ ரயிலில் ஏறி, ஜூசோவில் வண்டி மாறி, தகாராசூகாவுக்குப் போனேன். மங்கா படைப்பாளி ஒசாமு தெசூகா பூச்சி பிடித்து வளர்ந்த ஊர். 1994இல் அவருக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். அது அடுத்த வாரம்.