கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு போத்தல் தண்ணீர்



விடியுமுன் எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, காண்டா வாளியோடு நிரைக்குள் இறங்கிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பால் கத்தியோடு இன்னொன்றும் கூடவே வரும். ஒரு போத்தல் தே ஓ, இல்லையென்றால் சுடவைத்து ஆறிய தண்ணீர். அதை வீட்டில் மறந்துவிட்டுக் காட்டுக்குப் போனவருக்கு அன்றைய பாடு சொல்லி முடியாது.

இன்று பேராக்கில் அந்த ரப்பர் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். ஈப்போவில் 1969-இல் தொடங்கிய உங்கு ஒமார் பொலிடெக்னிக், கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் என்று எங்கும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். கைப்பேசி இருக்கும், மடிக்கணினி இருக்கும், நோட்டுப் புத்தகம் இருக்கும். தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருக்காது.

கேட்டால், "நேரமில்லேம்மா, கிளாஸுக்கு ஓடணும்" என்பார்கள். காலையில் பசியாறுவதில்லை. மத்தியானம் ஒரு தே ஐஸ். சாயங்காலம் பகுதிநேர வேலை. இரவு கண் விழித்துப் படிக்க ஒரு டின் பானம். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. நாமும், "கண்ணு பட்டிடுச்சு" என்று சுற்றிப் போடுகிறோம். சுற்றிப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு எத்தனை கிளாஸ் தண்ணி குடிச்சே?"

தாகம் வரட்டும் என்று இருக்கலாமா?

நம் உடம்பில் ஏறக்குறைய 100-க்கு 60 பங்கு தண்ணீர்தான். வியர்வை, மூச்சு, சிறுநீர் வழியாக அது ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு லிட்டர் குறைந்தாலே எடையில் 100-க்கு 2 பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அந்த அளவிலேயே தலை வலிக்கும், சோர்வு தட்டும், கவனம் சிதறும். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தும் ஏறாது. "புத்தி மந்தம்" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். உண்மையில் குறைந்தது தண்ணீராக இருக்கலாம்.

தாகம் எடுக்கும்போதே உடம்பு கொஞ்சம் வற்றத் தொடங்கியிருக்கும். தாகம் வந்த பிறகு கிணறு வெட்டுவானேன்? எழுந்தவுடன் ஒரு கிளாஸ், ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒன்று, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சில மடக்கு என்று வழக்கமாக்கிக் கொள்ளட்டும். நாளைக்கு 6 முதல் 8 கிளாஸ் வெறும் தண்ணீர் குடிக்கச் சொல்கிறது நம் சுகாதார அமைச்சு. வெயிலில் விளையாடினாலும் வேலை செய்தாலும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து. சிறுநீரகம், இருதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவை மீறக்கூடாது.

சரியாகக் குடிக்கிறோமா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் நல்லது. கெட்ட மஞ்சளாக, வாடையோடு வந்தால் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் குடித்தும் நிறம் மாறாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

இனிப்புத் தண்ணீர் வேறு, தண்ணீர் வேறு

தே தாரிக், சிராப், மைலோ ஐஸ், டின் பானம் எல்லாம் தாகத்தைத் தணிப்பதுபோல் இருக்கும். கூடவே சீனியும் உள்ளே போகிறது. சில டின்களில் ஏழெட்டுச் சின்னக் கரண்டி சீனி இருக்கும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்புநீர் வியாதி. நம் இந்திய சமூகத்தில் விகிதம் இன்னும் அதிகம். கல்லூரிப் பருவத்தில் பழகும் நாக்குதான் நாற்பது வயதில் கிளினிக் வரிசையில் நிற்க வைக்கிறது.

காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், சீனி போடாத மோர், கஞ்சித் தண்ணீர் போதும். கிடைத்தால் ஒரு துண்டு தர்பூசணி.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

சொல்லக் கூச்சப்படும் விஷயம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கழிவறை சுத்தமில்லை, நீண்ட பஸ் பயணம், "அடிக்கடி ஒண்ணுக்குப் போகணுமே" என்று பல பெண் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. வெளிக்காட்டில் நிரை பிடித்த நம் தாய்மாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்க இடம் கிடைக்கும். பெண்களுக்கு அந்தப் பாதை குட்டையானது. கிருமி சுலபமாக உள்ளே ஏறும். எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது முதல் அடையாளம். காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேல் முதுகுவலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மாக்களே, மகளிடம் இதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால்

விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு போனால், தண்ணீரோடு உப்பும் போய்விடும். 1971-இல் வங்காளதேசப் போரின்போது, இந்திய எல்லையிலுள்ள பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மகலானபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். முகாமில் 100-க்கு 30 அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

இன்று அதுவே பொட்டலமாக மருந்துக்கடையில் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 சின்னக் கரண்டி சீனி, தலைதட்டிய அரைக் கரண்டி உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்பு கூடக்கூடாது.

வெயில் கொல்லவும் செய்யும்

2023 ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் இறந்தான். வெயிலில் நின்றவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ தாமதிக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேட்டு வாங்குவோம்

தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதிய குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. தண்ணீர் கேட்பது பிச்சையல்ல, உரிமை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். விடுதியில் குடிதண்ணீர்க் குழாய் கெட்டிருந்தால், கழிவறை நாறினால், மாணவர்கள் சேர்ந்து போய் வார்டனிடம் எழுதிக் கொடுக்கட்டும். ஒருத்தர் சொன்னால் முணுமுணுப்பு. பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் கோரிக்கை. சங்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அடுத்த முறை பிள்ளை வீட்டுக்கு வந்து திரும்பும்போது, ஊறுகாய்ப் போத்தலோடு ஒரு தண்ணீர்ப் போத்தலையும் பையில் வையுங்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு வேலைக்குப் போங்கள்.