கடைசி ரீலில் பறிபோகும் அதிகாரம்

நமது சினிமாவில் ஸ்திரீகளுக்கு உயர்ந்த ஸ்தானம் வந்துவிட்டதென்று கொண்டாடுவோர் பலர். கதாநாயகி டாக்டராகிறாள், போலீஸ் அதிகாரியாகிறாள், ஆலை முதலாளியாகிறாள். இதற்குமேல் என்ன வேண்டுமென்கிறார்கள். உத்தியோகம் கொடுத்தது மெய்யே. படம் முடியும்போது அது அவளிடம் இருக்கிறதா என்பதே நமது கேள்வி.

1992-ல் வெளிவந்த 'மன்னன்' படத்தை எடுத்துக்கொள்வோம். விஜயசாந்தி நடித்த சாந்தி தேவி பெரும் ஆலையை நிர்வகிப்பவள். அவள் திறமையைப் படம் மறுக்கவில்லை. அதற்கு அகம்பாவமென்று பெயர் சூட்டுகிறது. முடிவில் அவள் ஆலைப் பொறுப்பைத் துறந்து இல்லத்தரசியாகிறாள். தொழிலாளர் உரிமைக்கும் முதலாளி கர்வத்துக்கும் நடந்த வழக்கில், தண்டனை பெண்ணுக்கென்று தனியாக விதிக்கப்படுகிறது. முதலாளி ஆணாயிருந்தால், வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்படி தீர்ப்பாகுமா? வீட்டுப் பொறுப்பு இழிவென்று நாம் சொல்லவில்லை. அதைத் தண்டனையாக்குவதே இழிவு.

1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா'விலும் இதே தீர்ப்புத்தான். பட்டணத்து மனைவியின் கர்வம் அடங்கிய பிறகே குடும்பம் ஒன்றுசேருகிறது. அப்பாத்திரத்தில் நடித்த ஜெயலலிதா 1991-ல் இந்த ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். 'மன்னன்' திரையிடப்பட்டது அவரது ஆட்சியிலேயே. கோட்டையில் ஒரு ஸ்திரீ ஆண்டுகொண்டிருந்தபோது, கொட்டகையில் மற்றொருத்தி அதிகாரத்தை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்!

ஜனங்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்பது பட முதலாளிகளின் சமாதானம். இதற்கு 1939-லேயே பதில் கிடைத்துவிட்டது. கல்கியின் கதையை கே. சுப்ரமண்யம் டைரக்ட் செய்த 'தியாக பூமி'யில், சாவித்திரியைக் கைவிட்ட கணவன், அவள் செல்வம் பெற்றதும், தன்னோடு வாழவேண்டுமென்று நியாயஸ்தலம் ஏறுகிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். பிறகு தேசத் தொண்டில் இறங்குகிறாள். ஹிந்து ஸ்திரீகளுக்குப் பொதுவான விவாகரத்துச் சட்டமே இல்லாத காலம் அது. ஜனங்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள். படத்தைத் தடை செய்தது பிரிட்டிஷ் சர்க்கார், ஜனங்களல்ல.

இதைப் பழங்கதையென்று தள்ளிவிடவும் முடியாது. சேர்ந்து வாழக் கட்டளை கோரும் வழக்கு, 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தில் 9-வது பிரிவாக இடம்பெற்றது. 1984-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லுமென்றது. அப்பிரிவு இருபாலாருக்கும் பொதுவென்பது உண்மை. எனினும், மனமில்லாதவளைக் கட்டளையால் மனைவியாக்க முடியுமா என்ற சாவித்திரியின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அக்கேள்வியை மீண்டும் ஜனங்கள் முன் வைக்கும் வல்லமை சினிமாவுக்கு உண்டு.

படச்சுருளே இன்று வழக்கொழிந்தது. கடைசி ரீலில் பெண்ணைப் பணியவைக்கும் வழக்கமும் ஒழியட்டும். கதாநாயகி எத்தனை பேரை உதைத்தாள் என்று எண்ணவேண்டாம். இறுதிக் காட்சியில் அவள் செய்யும் முடிவு அவளுடையதுதானா என்று பாருங்கள். இல்லையெனில் கைதட்டாதிருங்கள். பட முதலாளிகளுக்கு உடனே விளங்கும் பாஷை அதுவே.