பாஸ்டர் மூன்று மாதம் இல்லை

இரவு பதினொன்றரைக்கு பாஸ்டரின் கைப்பேசி ஒலிக்கிறது. சபையில் ஒரு சகோதரியின் தாயாரை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். மறுநாள் காலை புதுவீட்டு ஜெபம், மாலை வேதபாடம். சனிக்கிழமை ஒரு கல்யாணம், அன்றிரவே எதிர்பாராத ஒரு துக்க வீடு. ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார்: "இன்னைக்கு பிரசங்கத்துல அவ்வளவா ஆழமில்ல."

இப்படியே பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடுகின்றன. பிறகு ஒரு நாள் சபைக் குழுவில் யாரோ மெதுவாகச் சொல்கிறார்கள், "பாஸ்டருக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுக்கலாமா?" சம்பளத்தோடா என்பதுதான் உடனே வரும் கேள்வி. "நான் இருபது வருஷமா ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். எனக்கு யார் குடுத்தா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் அட்டையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு என்று மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமே சொல்கிறது. பாஸ்டரின் ஓய்வு நாள் பெரும்பாலும் திங்கட்கிழமை. திங்கட்கிழமையில் யாரும் சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சபாட்டிக்கல் என்ற சொல் எபிரேய மொழியின் 'ஷபாத்'திலிருந்து, அதாவது ஓய்விலிருந்து, வந்தது. 1880இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பேராசிரியர்களுக்கு இந்த விடுப்பைக் கொடுக்கத் தொடங்கியது. வேர் அதைவிடப் பழையது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட்டுவிடச் சொல்கிறது யாத்திராகமம் 23ஆம் அதிகாரம். அதை வாசிக்கும்போது நாம் வேகமாகத் தாண்டிவிடும் ஒரு விவரம் உண்டு. அந்த ஆண்டு தானாக விளைவதை எளியவர்கள் சாப்பிட வேண்டும், மிச்சத்தைக் காட்டு விலங்குகள் சாப்பிட வேண்டும். உரிமையாளன் கையை எடுத்த வயலில், மற்ற ஆண்டுகளில் நுழையாதவர்கள் நுழைகிறார்கள். போதகர் ஓய்வெடுக்கும் சபையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல் ஏர் என்ற ஊரில் 1962இல் ஒரு சபையைத் தொடங்கியவர் யூஜின் பீட்டர்சன். பைபிளை இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் தந்த 'தி மெசேஜ்' வழியாகப் பின்னாளில் நம் ஊர் இளையர்களுக்கும் அறிமுகமானவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே சபையில் ஊழியம் செய்து களைத்த நிலையில், ஓராண்டு ஓய்வெடுத்து, மனைவியுடன் மொண்டானா மாநிலத்தின் பிளாட்ஹெட் ஏரிக்கரையில் இருந்த குடும்ப வீட்டுக்குப் போனார். அங்கே ஜெபம், நடை, எழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொருவர் நடத்தும் ஆராதனையில் சாதாரண விசுவாசியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது, தான் இல்லாமலேயே சபை நன்றாக நடந்திருப்பதைக் கண்டார். அவர் மீது சாய்ந்தே பழகியவர்கள் சொந்தக் காலில் நின்றிருந்தார்கள். போதகருக்கு இது கொஞ்சம் கூச்சமான கண்டுபிடிப்பாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்!

நம் தமிழ்ச் சபைகளில் இது எளிதல்ல. தோட்டப்புறக் காலத்திலிருந்தே போதகர் நமக்கு வீட்டுப் பெரியவர் மாதிரி. பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்திலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரை அவரிடம்தான் போகும். மூப்பர் வந்து ஜெபித்தால் "பாஸ்டர் வரலையா?" என்று கேட்போம். அந்த மூப்பர் முகம் எப்படிச் சுருங்கும் என்று யோசித்திருக்கிறோமா? மோசேக்கும் இதே நிலைதான். காலை முதல் மாலை வரை ஜனங்கள் அவர் முன் நின்றார்கள். பொறுப்பைப் பகிர்ந்து கொடு, இல்லாவிட்டால் நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்று எச்சரித்தது மாமனார் எத்திரோ. மாமனார் சொல்லை மருமகன் உடனே கேட்ட அபூர்வ சம்பவம் அது.

செய்வதென்றால் ஆறு மாதமாவது முன்பே பேச வேண்டும். துக்க வீட்டுக்கு யார், மருத்துவமனைக்கு யார், திருவிருந்து நடத்த எந்தப் போதகரை அழைப்பது என்று பெயர் போட்டு எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து பாஸ்டரை எடுத்துவிடுவது நல்லது. "சும்மா ஒரு சின்ன விஷயம் பாஸ்டர்" என்று தொடங்கும் செய்தி எதுவும் சின்னதாக இருந்ததில்லை. பாஸ்டரம்மாவையும் மறந்துவிடக் கூடாது. கணவருக்கு விடுப்பு கொடுத்துவிட்டு ஞாயிறு பள்ளியை அவர் தலையிலேயே விட்டால் அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை.

வேலைக்குப் போகும் இளையர்கள்தான் இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை. அலுவலகத்தில் இருபது பேரை மேய்க்கிறவர், சபையில் புரொஜெக்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை ஒரு புதன்கிழமை வேதபாடம் நடத்தச் சொன்னால் முதல் வாரம் தடுமாறுவார். குரல் நடுங்கும், நேரம் கூடிப்போகும். பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பீட்டர்சன் ஓய்வு முடிந்து அதே சபைக்குத் திரும்பி, 1991 வரை அங்கேயே போதகராக இருந்தார்.