பத்து நாளா, ஒரே நாளா? முற்றிய புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இறங்கி, காரப்பேட்டைக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். எலும்பு வலிக்காரருக்கு அந்தக் குலுக்கலே தண்டனை. துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போச்சு. “பத்து நாள் கரண்ட் (கதிர்) வைக்கணும்” என்றதும், “இனிமே எதுக்கு?” என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் பத்து நாள் தேவையில்லை என்ற செய்திதான் கிராமங்களுக்கு வந்து சேரவில்லை.

காரப்பேட்டையில் இருப்பது அண்ணாவின் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் கதிர் சிகிச்சை உண்டு. ஆக, பெரும்பாலும் தடுப்பது செலவைவிட அலைச்சல்தான்.

ஒரே தடவை எப்போது போதும்?

நோய் எலும்புக்குப் பரவிவிட்டால் கதிரின் வேலை மாறிவிடுகிறது. அங்கே அது நோயை வேரறுக்க அல்ல, வலியைத் தணிக்க. எலும்பில் ஓரிடத்து வலிக்கு 8 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவை ஒரே நாளில் கொடுத்தாலும், 30 கிரேயைப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும், வலி குறைவது ஏறத்தாழ ஒன்றுதான் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. பத்துப் பேரில் ஆறேழு பேருக்குப் பலன் கிடைக்கும். ஒரே தடவை எடுத்தவர்களில் சிலருக்குப் பின்னால் மறுபடியும் தேவைப்படலாம். பெரும்பாலும் அதையும் கொடுக்க முடியும். எலும்பு முறியும் நிலையில் இருந்தாலோ, அறுவை சிகிச்சை முடிந்திருந்தாலோ மருத்துவர் பல நாள் கேட்பதில் நியாயம் உண்டு.

“ஒரு தடவை போதும்” என்றால், ஏழை என்று குறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மருத்துவரே சொல்லாவிட்டால், “ஒரே நாளில் முடிக்க வழியிருக்கா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கருப்பைவாய்ப் புற்றில் நிற்காத ரத்தப்போக்கு, மார்பில் வெடித்த புண், வாய்ப்புற்று வீக்கம் ஆகியவற்றுக்கும் இப்படிக் குறைந்த தவணைகளில் கதிர் கொடுப்பதுண்டு.

அறைக்குள் நடப்பது

முதலில் ஸ்கேன் எடுத்து, கதிர் பட வேண்டிய இடத்தைத் தோலில் மையால் கோடிடுவார்கள். அழிக்கச் சொல்லும்வரை அதைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது. பிறகு மேசையில் அசையாமல் படுக்க வேண்டும்; மற்றவர்கள் வெளியே போய், கேமராவில் பார்த்துக்கொண்டு மைக்கில் பேசுவார்கள். இயந்திரம் ஓடுவது சில நிமிடம். ஷாக் அடிக்காது, சுடாது. வெளியிலிருந்து பாய்ச்சும் இந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஓரிரு நாளில் சிலருக்கு வலி கூடும். கதிர் கெடுத்துவிட்டதாக எண்ணிப் பயப்பட வேண்டாம். அது தானே அடங்கும். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை வலி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மார்ஃபின் உட்பட.

இதற்கு நாள் பார்க்காதீர்கள்

புற்றுநோய் உள்ளவருக்கு முதுகுவலி படுத்தால் அதிகமாகிறது, கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் தெரியாமல் போகிறது அல்லது அடைத்துக்கொள்கிறது என்றால், கட்டி தண்டுவடத்தை நெரிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வண்டி இல்லையென்றால் 108. நடக்கும்போதே சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுதாக விழுந்த பிறகு வந்தவர்களுக்கு அது திரும்புவது அரிது. “வாய்வுப் பிடிப்பு” என்று தைலம் தேய்த்துப் போகும் இரண்டு நாளில் இது கைமீறிவிடும்.

வேண்டாம் என்பதும் சிகிச்சையே

ஆயுள் நாட்கணக்கில்தான் என்று தெரிந்த நோயாளியைக் கதிர் சிகிச்சைக்காகப் பேருந்தில் ஏற்றுவது கொடுமை. பலன் வருமுன் காலம் முடிந்துவிடும். அவருக்கு வேண்டியது மருந்தும் வீட்டுப் பராமரிப்பும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

கதிர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் பயாப்சி முடிவு, ஸ்கேன் படம், பழைய சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். முன்பு கதிர் வைத்திருந்தால், எந்த இடத்தில், எவ்வளவு என்று எழுதிய தாள் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அதே இடத்தில் மறுபடி கொடுக்க மருத்துவர் தயங்குவார்.