அடுக்களையில் விகிதக் கணக்கு

கணிதம் கரும்பலகையோடு முடிந்துவிடும் ஒன்றென மாணவர் பலர் எண்ணுகின்றனர். அடுக்களையிலே அது நாள்தோறும் நடைபெறுவதை அவர்கள் கவனிப்பதில்லை. தோசைக்கு உளுந்து 1 சுண்டும் அரிசி 3 சுண்டும் அளந்து போடும் தாய்மார் 1:3 என்ற விகிதத்தையே கையாளுகின்றனர்.

"இக்கலவையில் உளுந்து எத்தனை பங்கு?" என்று நாம் வகுப்பிலே வினவும்போதெல்லாம், "மூன்றிலொன்று" என்ற விடை விரைந்து வரும். அது பிழை. மூன்று என்பது அரிசியின் பங்கு மாத்திரமே, முழுக்கலவை அன்று. முதலில் இரண்டையும் கூட்டுதல் வேண்டும். மொத்தம் 4 பங்கு. ஆகவே உளுந்து 1/4, அரிசி 3/4. பின்னத்தை 100 ஆற் பெருக்கினால் நூற்றுவீதம் கிடைக்கும்: உளுந்து 25, அரிசி 75. கலியாண வீட்டுக்கு 20 சுண்டு வேண்டுமெனின், அதிற் காற்பங்கு உளுந்து 5 சுண்டு. எஞ்சிய 15 சுண்டும் அரிசி.

தோசையிலே கணக்குச் சற்றுப் பிசகினாலும் பெருநட்டமில்லை. உயிர் காக்கும் கலவையிலோ நிலைமை வேறு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலே மூண்ட போரினால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவிற் புகலடைந்தனர். மேற்கு வங்காளத்துப் போங்கான் என்னும் ஊரிலே அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. நரம்பிலே ஏற்றும் சேலைன் போதாமற் போகவே, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் குடிநீர்க் கலவையொன்றைத் துணிந்து வழங்கினார். ஒரு லீற்றர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், கறியுப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம். நோயாளரிடையே நூற்றுக்கு 30 அளவிலிருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது.

இப்பொடியின் மொத்த நிறை 28 கிராம். அதில் உப்பு 3.5/28, அதாவது 1/8, நூற்றுவீதத்தில் 12.5. ஆனால் நீரிற் கரைத்தபின் 100 மில்லிலீற்றரில் இருக்கும் உப்பு 0.35 கிராம் மாத்திரமே. உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. எதனை முழுமையாகக் கொண்டோமோ அதுவே மாறியது. ஆதலால் வீதம் எதுவாயினும், "எதில் இத்தனை?" என்ற கேள்வியை முதலிற் கேட்டல் வேண்டும்.

இன்று மருந்துக்கடைகளில் இத்தகைய உப்புக்கலவை பொதிகளாகக் கிடைக்கின்றது. அதன் அளவுகள் பழைய கலவையினின்றும் மாற்றப்பட்டுள்ளன. ஒரு லீற்றருக்குரிய பொதியை அரை லீற்றர் நீரிற் கரைத்தால், பொடியிலுள்ள பொருள்களின் விகிதம் மாறாது. நீரில் உப்பின் செறிவோ இரட்டிக்கும். மிகையான உப்பு குழந்தைக்குப் பெருங்கேடு விளைக்கும். நீரைக் கூட்டினாலோ மருந்தின் பயன் குன்றும்.

எனவே பொதியிற் குறித்த நீரளவை வீட்டிலுள்ள மாணவர் வாசித்து, அளந்து, பெற்றோருக்கு உதவுவாராக. ஏடு படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யக்கூடிய நற்பணிகளுள் இதுவும் ஒன்றாம்.