மலிவான சாக்கெட் செட்டுகளைப் பரீட்சித்தல்

கோத்தகிரிப் பகுதியில் தேயிலைக் கவாத்து இயந்திரமும் மருந்து தெளிக்கும் இயந்திரமும் வைத்திருக்கும் குடியானவர்கள், மலிவான சாக்கெட் செட்டை வாங்குமுன் பரீட்சித்தல் அவசியம். ‘குரோம் வனேடியம்’ என்னும் முத்திரை உருக்கின் கலவையைக் குறிக்குமேயன்றி, அது பதப்படுத்தப்பட்ட திறனைக் குறிப்பதன்று. பெட்டியின் மீதுள்ள பெயரைக் காட்டிலும், ஒவ்வொரு சாக்கெட்டிலும் தயாரிப்பாளர் பெயரும் அளவும் தெளிவாகப் பதிந்திருத்தலே மேலானது. பன்னிரண்டு மூலையுள்ளதைவிட ஆறு மூலையுள்ள சாக்கெட் நட்டின் பக்கங்களை நன்கு பற்றும். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை பெரும்பாலும் 13 மில்லிமீட்டராகும். அவ்வளவுள்ள சாக்கெட்டைப் புதிய போல்ட்டில் மாட்டி அசைத்து, மிகுதியாக ஆடினால் தள்ளிவிடுக. முலாம் உரிந்தது மலைப்பனியில் விரைவில் துருவேறும். பணம் போதாவிடில், தம் இயந்திரத்திற்கு வேண்டிய இரண்டு மூன்று நல்ல சாக்கெட்டுகளை மட்டும் வாங்குதல் நலம். மூலை மழுங்கிய ஒரே போல்ட், கவாத்துக் காலத்தில் வேலை முழுவதையும் நிறுத்திவிடக்கூடும்.